நைனா சிரிக்காத சாயங்காலம்

போன மாதம் வள்ளூரில் ஒரு வாடகை வீட்டில் நான் செத்துப்போனேன். பன்னிரண்டு மணிக்கு மூக்கில் பஞ்சு வைத்தார்கள். ஒன்றரைக்குள் படம் பிடித்து முடித்துத் தயிர்சாதமும் கொடுத்துவிட்டார்கள். சீரியல் மாமியார் என்றைக்காவது ஒருநாள் செத்துத்தானே ஆகவேண்டும்? பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "தம்பி, ஒரு சிரிப்பு எடுத்துக்கப்பா" என்றேன் டைரக்டரிடம். "கதையில நீங்க சிரிக்கலியே மேடம்" என்றான் அந்தப் பிள்ளை. நான் விளக்கிச் சொல்ல வாயெடுப்பதற்குள் வயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பூட்டை நானே திறந்தேன். வாசலில் என்னை நிறுத்திக் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. இந்த வயதில் என்னடி பயம் என்று சிரிக்காதீர்கள். என்னோடு கேமரா முன்னால் ரெட்டைச் சடையும் ரிப்பனுமாக நின்ற நீங்கள் எல்லாம் இப்போது முட்டிவலித் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். "எப்படிடி அந்த வயசிலேயே அப்படி அழுதே?" என்று எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்! பரம்பரை என்று சொல்லி மழுப்பிவிடுவேன். பரம்பரையாவது மண்ணாவது. நடந்தது இதுதான்.

எங்கள் வீட்டில் எல்லோரும் நடிகர்கள். நைனாவைப் பெற்றவர்கள் நாடகக் கம்பெனிக்காரர்கள். இடைவேளையில் பிரசவ வலி கண்டு, வேஷம் கலைக்காமலே பெற்ற பிள்ளையாம் நைனா. நைனாவின் அக்கா, எங்கள் அத்தை, பதினெட்டு வயதுவரை மேடையில் ஆடிவிட்டு, கால் பிசகியதும் எங்களோடு வந்து இருந்துவிட்டாள். நைனா சினிமாவுக்குப் போனார். கதாநாயகனாகத்தான் போனார். ஆனால் அந்த மீசைக்கும் அந்தக் கண்ணுக்கும் வில்லனுக்குப் பின்னால் நிற்கும் பத்துப் பேரில் ஒருவராகத்தான் நிறுத்தினார்கள். அதிலிருந்து மேலே வந்து, வசனம் பேசிவிட்டுச் சாகிற அளவுக்கு வளர்ந்திருந்தார். ஒரு படத்தில் கத்திக்குத்து, இன்னொன்றில் மலையிலிருந்து விழுவது. மூச்சை அடக்கிக்கொண்டு பிணமாகக் கிடப்பதில் அவரை அடிக்க ஆள் இல்லை என்று கம்பெனிகளில் பேச்சு.

பிணமாக நடித்தால் ஒரு சாங்கியம் உண்டு. பழைய ஆட்களுக்குத் தெரியும். காட்சி முடிந்ததும் செத்தவர் எழுந்து உட்கார்ந்து, அதே கேமராவைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். நாலடி ஃபிலிம் ஓடினால் போதும். சாவைப் பார்த்த கேமரா சிரிப்பையும் பார்த்துவிட்டால் தோஷம் கழிந்தது. அந்தச் சிரிப்புத் துண்டை அப்புறம் வெட்டி எறிந்துவிடுவார்கள்.

எங்கள் அம்மா அதற்கு மேலே ஒரு படி. தண்டையார்பேட்டையில் கயிறு கிடங்குக்கு மேல் மாடியில் எங்கள் வீடு. நைனா படத்தில் செத்துவிட்டு வருகிற நாளில் அம்மா மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு வாசற்படியில் நிற்பாள். "இன்னாய்யா, சிரிச்சியா?" என்பாள். "சிரிச்சேன்மே" என்பார். காலில் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் வழிவிடுவாள். இது எனக்குக் காலையில் பல் தேய்க்கிற மாதிரி பழகிப்போன விஷயம். ஏன் என்று கேட்டது ஒரே ஒரு தடவை. அத்தைதான் பதில் சொன்னாள்.

"எங்க கம்பெனியில ஒருத்தன் இருந்தான். சினிமாவுல பொணமா படுத்தான். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சிரிக்காம எய்ந்து பூட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா அப்புறம்? அந்தப் படம் கொட்டாயிக்கு வர்றதுக்குள்ள ஆளு காலி." அத்தை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னாள். பிள்ளைகளிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லக்கூடாது என்ற கணக்கே அவளுக்குக் கிடையாது.

எனக்கு ஒன்பது வயது நடந்த கோடை அது. எண்ணூர்க் கரையில் நைனாவுக்குப் படப்பிடிப்பு. அவர் மீன்பிடி லாஞ்சு ஓட்டுகிறவர், கொன்று கடலில் போட்டுவிடுகிறார்கள், உடல் கரை ஒதுங்குகிறது, ஊர்க்காரர்கள் அங்கேயே தாடையைக் கட்டிப் பஞ்சு வைத்துக் கிடத்துகிறார்கள், மகள் ஓடிவந்து அழவேண்டும். மகளாக நடிக்கவேண்டிய குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டது. "உனுக்குத்தான் ஒரு பொண்ணு கீதேப்பா, இட்டா" என்று மானேஜர் சொல்ல, நைனா என்னை பஸ்ஸில் கூட்டிப்போனார். ஜன்னலோர இருக்கை. வழியெல்லாம் கந்தக வாசனை. புதுக் கவுனில் நிலக்கரித் தூள் படியாமல் இருக்க மடியில் நியூஸ் பேப்பரை விரித்துக்கொண்டேன். நடிகையாகப் போகிறேன் என்ற மிதப்பு எனக்கு.

மிதப்பெல்லாம் முதல் டேக்கோடு இறங்கிவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. கண்ணில் கிளிசரின் போட்டார்கள். எரிந்ததே தவிர அழுகை இல்லை. டைரக்டர் எல்லோர் முன்னாலும் திட்டினார். ஈர மணலில் நைனா நாலு மணி நேரமாகப் படுத்துக் கிடந்தார். தாடையைச் சுற்றிக் கட்டு, மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒட்டிய காசு. என் காதோரம், உதடு அசையாமல், "கண்ணு, பயப்படாத. நான் சும்மா கண்ண மூடிக்கினு கீறேன், அவ்ளோதான்" என்றார்.

"ஸ்டார்ட்" என்றார்கள். நான் ஓடிப்போய் நைனாவின் மார்பில் கை வைத்தேன். மூச்சு இல்லை. சட்டை நனைந்து, உடம்பு சில்லிட்டு இருந்தது. அலை வந்து அவர் காலைத் தூக்கிக் கீழே போட்டது, அந்தக் கால் தானாக நகரவே இல்லை. அவர் மூச்சை அடக்குவதில் பேர்போனவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? கைக்கு அது தெரியவில்லையே. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. "கட்" என்றார்கள், எல்லோரும் கை தட்டினார்கள், நான் மட்டும் நிறுத்தவில்லை.

"சிரிப்ப எடுத்துடு" என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டுக் கேமராக்காரர் அந்தப் பக்கம் போனார். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. நைனா எழுந்து உட்கார்ந்தார், தாடைக்கட்டையும் பஞ்சையும் எடுத்தார், கேமராவைப் பார்த்தார். நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான், என் தலைமயிரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுவிட்டார். கேமரா கடகடவென்று ஃபிலிம் தீர்ந்து நின்றது. "எடுத்தாச்சுண்ணே!" என்று உதவியாளர் கத்தினார். அவருக்குக் கடைசி பஸ்ஸோ என்னவோ.

வீட்டு வாசலில் அம்மா சொம்போடு நின்றாள். "இன்னாய்யா, சிரிச்சியா?"

நைனா என்னை ஒரு பார்வை பார்த்தார். "சிரிச்சேன்மே" என்றார்.

அம்மா அவர் காலில் தண்ணீரை ஊற்றினாள். நைனா நடிப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பொய் சொல்லிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்று தொடங்கியது என் பயம். நைனா சிரிக்காமல் போனதற்கு நான்தான் காரணம். கழுத்தைப் பிடித்துத் தொங்கியது நான். அம்மாவிடம் சொல்லலாம் என்றால், நைனாவைச் சாகடித்தது நான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாமல் இருந்தால் படம் கொட்டகைக்கு வருவதற்குள் நைனா போய்விடுவார். சோறு இறங்கவில்லை. கிடங்கில் கயிற்றுச் சுருளை லாரியிலிருந்து தொப்பென்று போட்டால்கூட யாரோ விழுந்துவிட்டார்கள் என்று தூக்கிப் போடும்.

நாலாம் நாள் நைனாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஈர மணலில் அத்தனை நேரம் கிடந்தால் வராதா? இப்போது சொல்கிறேன். அப்போது ஆரம்பித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பத்து நாள் இருமினார். தண்ணி லாரிக்குக் குடம் வரிசை போடும் சத்தம் கேட்டு விடியலில் விழிப்பேன். உடனே பாயில் உருண்டுபோய் நைனாவின் மார்பில் கை வைப்பேன். ஏறி இறங்கினால்தான் எனக்கு மூச்சு வரும். ஒருநாள் அப்படிக் கையை நீட்டினேன். அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. அம்மாவின் கை. வளையல் இடித்தது.

"இன்னாம்மா?" என்றேன்.

"கொசுடி. அடிச்சேன். நீ தூங்கு" என்றாள்.

எங்கள் பக்கத்துக் கொசுக்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை, நானும் நம்பிவிட்டேன்.

இதற்கு நடுவில் ஊரெல்லாம் என் அழுகையின் புகழ் பரவிவிட்டது. எண்ணூரில் ஒரு குழந்தை அழுதது பார், யூனிட்டே அழுதுவிட்டது என்று டைரக்டர் போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறார். தெருவுக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே ஒரு சினிமாக் கம்பெனிக் கார் நின்றது. "அழுவுற பாப்பா வூடு எது?" என்று விசாரித்துக்கொண்டு மாடியேறி வந்தார்கள். அத்தை என் முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். "நம்ம ரத்தம்யா இது. எங்க அம்மா மேடையில அய்தா மொத வரிசையே நனைஞ்சிப்பூடும்!" அந்தக் கோடையிலேயே இரண்டு படம். முன்பின் தெரியாத இரண்டு அப்பாக்கள் செத்துக் கிடந்தார்கள். அவர்கள் மார்பில் கை வைத்தேன். வீட்டில் நைனா இருமிக்கொண்டிருப்பது ஞாபகம் வந்தது. எடுத்த எடுப்பில் ஓகே. அந்த முகங்களை உங்களில் பலர் கொட்டகையில் பார்த்து மூக்கைச் சிந்தியிருக்கிறீர்கள். ஒரு குழந்தை நிஜமாகவே பயந்து சாகிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோன்றியவர்களுக்கும் தப்பாகத் தோன்றியது. எண்ணூர்க் கரையில் காற்று கருப்பு அடித்துவிட்டது என்று முடிவு செய்து, ராயபுரம் தர்காவில் மந்திரித்துக் கறுப்புக் கயிற்றில் தாயத்துக் கட்டினாள் அம்மா. ஓதிய பெரியவர் மயிலிறகால் என் தலையை வருடி, "யார நெனச்சு பயம், பேட்டி?" என்று மகளைக் கேட்பதுபோலக் கேட்டார். அவர் ஒருவர்தான் சரியாகக் கேட்டார். அம்மா பக்கத்தில் நின்றாள், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் நைனா முகம் மழிக்கிற உடைந்த கண்ணாடி ஒன்று தொங்கும், ரசம் போனது. காய்ச்சல் விட்ட பிறகு ஒரு மத்தியானம் அதன் முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். வாயை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து. ஏதோ புது வேஷத்துக்கு ஒத்திகை என்று நினைத்துக்கொண்டு நான் வந்த வழியே போய்விட்டேன்.

அப்புறம்தான் அந்த இடி. சோறு போடும்போது நைனா சாதாரணமாகச் சொன்னார்: "வர்ற வெள்ளிக்கெழம காசிமேட்டுல கடைசி நாளு. தள்ளிவுட்ட மாரி லாஞ்சு மேலர்ந்து குதிக்கணும். அத்தோட நான் காலி."

உங்களுக்குப் புரிகிறதல்லவா? சினிமாவில் எதையும் வரிசையாக எடுப்பதில்லை. பிணத்தை எண்ணூரில் முதலிலேயே எடுத்துவிட்டார்கள். சாவது மட்டும் பாக்கி இருந்தது. ஒன்பது வயதுக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்? வியாழக்கிழமை நைனாவின் ரெக்ஸின் பையை எடுத்துக் கீழே கயிற்றுச் சுருளுக்குள் ஒளித்துவைத்தேன். பை இல்லாமல் போகமாட்டார் என்று கணக்கு. வெள்ளிக்கிழமை காலை அவர் ஒரு மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப்போனார். நான் தரையில் புரண்டு அழுத அழுகையில், "இந்தச் சனியன நானே இட்டுகினு போறேன்" என்று அத்தை சாப்பாட்டுத் தூக்கோடு என்னையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டாள். அம்மா வரவில்லை. நைனா சாவதை அவள் கொட்டகையில்கூடப் பார்த்ததில்லை.

மீன் ஏலம் முடிந்து துறைமுகம் ஓய்ந்திருந்த நேரம். ஐஸ் தண்ணீரும் டீசலும் கலந்து கால் வழுக்கியது. லாஞ்சின் கேபின் கூரைமேல் நைனா நின்றார். லாஞ்சுக்கும் கல் சுவருக்கும் நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்குத் தண்ணீர். அதற்குள்தான் அவர் விழவேண்டும். அலை ஏறும்போதெல்லாம் லாஞ்சு வந்து சுவரில் இடித்தது. கேமரா அதே கேமரா. பக்கத்தில் சந்தனப் பொட்டு, மேலே ஒரு நசுங்கல். எனக்கு அடையாளம் தெரிந்தது.

"ரெடி" என்றார் டைரக்டர்.

அத்தை கையை உதறிக்கொண்டு ஓடினேன். கேமராவுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். "எங்க நைனா சிரிக்கல!"

"யார்யா இந்தப் பொண்ண உள்ள வுட்டது?"

"எண்ணூர்ல நைனா சிரிக்கல! அய்துச்சு! நான்தான் கய்த்தப் புடிச்சேன்! நைனா குதிக்கக் கூடாது!"

டைரக்டர் என்னை இழுத்துப்போட ஆள் கூப்பிட்டார். ஒருவரும் அசையவில்லை. கேமராக்காரர் லென்ஸை மூடினார். ஸ்டண்ட் மாஸ்டர் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். லைட் பையன்கள்வரை எல்லோர் முகமும் வெளிறிவிட்டது. அவர்கள் யாரும் சிரிக்கவில்லை, என்னைக் குழந்தை என்று தட்டிவிடவும் இல்லை. அதுவரை என் பயம் என் பயம் மட்டும்தான் என்று இருந்தேன். பெரியவர்களும் அதே மாதிரி பயந்ததைப் பார்த்ததும் கேமராவின் முக்காலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

கேமராக்காரர் அண்ணாந்து பார்த்தார். "இன்னாப்பா, மெய்தானா?"

கூரைமேல் நைனா தலையாட்டினார்.

"பொயுது போவுது, எடுத்துட்டு அப்புறமா சிரிக்க வெச்சிக்கலாம்" என்றார் டைரக்டர்.

"அந்தாளு சிரிக்காம நான் குதிக்க வுட மாட்டேன்" என்றார் ஸ்டண்ட் மாஸ்டர்.

திருஷ்டிப் பூசணிக்காய் வாங்கச் சைக்கிளில் ஆள் போனது. நைனாவைக் கீழே இறக்கி, வலைக் குவியல்மேல் பிணமாகப் படுக்கவைத்து, மூக்கில் பஞ்சு வைத்து, எழுப்பி உட்காரவைத்தார்கள். "சிரி" என்றார்கள். நைனா சிரித்தார். "ஹா ஹா ஹா" என்று வில்லன் சிரிப்பு. அது வேஷச் சிரிப்பு, கேமராவுக்குத் தெரியாதா? கேமராக்காரரும் தலையை ஆட்டி, "இது வாணாம்பா, மெய்யா சிரி" என்றார். நைனா வாயை இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். கண்ணாடி முன்னால் நான் பார்த்த அதே முகம். வேர்த்துக் கொட்டியது அவருக்கு.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மீன்காரம்மா ஒருத்தி கூடையை இறக்கிவைத்தாள். "இன்னாபா இது, பொணத்துக்குச் சிரிக்கறதுக்கு இத்தினி பேரு கெஞ்சிகினு கீறாங்க? எங்கூட்டுக்காரன் செத்தப்போ இப்டி எய்ந்து குந்தினு மூஞ்சக் கோணிகினு இருந்தா, நானே அமுக்கிப் படுக்க வெச்சிருப்பேன்!"

மூக்கில் பஞ்சோடு நைனா சிரித்துவிட்டார். முதலில் தோள் குலுங்கியது, ஒரு மூக்குப் பஞ்சு பறந்தது, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. நாலடி அல்ல, டைரக்டர் தலையில் கைவைக்கிற அளவுக்கு ஓடியது. பூசணிக்காயை உடைத்தார்கள்.

அதற்கப்புறம் நைனா குதித்தார். எனக்கு அப்போதும் பயம்தான். தண்ணீர் மூடிக்கொண்டது. லாஞ்சு வந்து சுவரில் மோதியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். எனக்கு மூச்சு முட்டியும் அவர் வரவில்லை. லாஞ்சின் அந்தப் பக்கத்திலிருந்து இருமல் சத்தம் கேட்டது. வாழ்க்கையில் நான் கேட்டதிலேயே நல்ல சத்தம் அதுதான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வாசலில் அம்மா சொம்போடு நிற்கிறாள். அன்றைக்கு எடுத்தது குதிப்பதை மட்டும்தான் என்று அவளுக்குத் தெரியும். பிணம் இல்லாத நாளில் அவள் கேட்டதே இல்லை. ஆனாலும் கேட்டாள். "இன்னாய்யா, சிரிச்சியா?"

"சிரிச்சேன்மே! மெய்யா சிரிச்சேன்!" என்று நைனா கத்தினார். அம்மா சொம்புத் தண்ணீர் முழுவதையும் அவர் தலையில் கொட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. ஈர விறகுப் புகை என்று நினைத்தேன்.

நான் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோதுதான் அம்மா அதைச் சொன்னாள். "எண்ணூர்லர்ந்து வந்தன்னிக்கே எனுக்குத் தெரியும்டி. அந்தாளு மூஞ்சப் பார்த்தா எனுக்குத் தெரியாதா? கேட்டா நீ பயந்துக்குவேன்னு வுட்டுட்டேன்." கொசு அடித்த கை எனக்கு அப்போதுதான் புரிந்தது. கண்ணாடியில் நைனா எந்தப் படத்துக்கும் ஒத்திகை பார்க்கவில்லை என்பதும் புரிந்தது. ஒரே பாயில் மூன்று பேரும் ஒரே பயத்தோடு படுத்திருந்திருக்கிறோம். ஒருவருக்கொருவர் மூச்சுவிடவில்லை.

அந்தச் சிரிப்பை வெட்டி எறியாமல், கேமராக்காரர் ஒரு முழம் ஃபிலிம் எனக்குக் கொடுத்திருந்தார். சோப்பு டப்பாவில் வைத்திருந்தேன். வெயிலில் தூக்கிப் பிடித்தால் வரிசையாகக் குட்டிக் குட்டி நைனாக்கள் சிரிப்பார்கள். ஒரு மழை வெள்ளத்தில் டப்பாவுக்குள் தண்ணீர் போய் ஒட்டிக்கொண்டு எல்லாம் அழிந்துவிட்டது.

நைனா அதற்கப்புறம் எத்தனையோ படத்தில் செத்தார். எல்லாவற்றிலும் சிரித்தார். நானும் அழுதுகொண்டே வளர்ந்து, அழுதுகொண்டே கதாநாயகியின் தோழியாகி, அக்காவாகி, அம்மாவானேன். ஒவ்வொரு தடவையும் எண்ணூர் மணலில் அந்த மார்பில் கையை வைத்துத்தான் அழுதிருக்கிறேன். இதுதான் என் நடிப்பு ரகசியம், வேறு ஒன்றும் இல்லை.

கடைசியில் நைனா ஆஸ்பத்திரியில் போனார். வயதாகி, நுரையீரல் கெட்டு, சாதாரணமாகப் போனார். நான்தான் பக்கத்தில் இருந்தேன். மார்பில் கை வைத்தேன். அவர் மூச்சை அடக்கியிருக்கிறார், விட்டுவிடுவார் என்று காத்திருந்தேன். யாராவது "கட்" சொல்லமாட்டார்களா என்று இருந்தது. நர்சு வந்து என் கையை எடுத்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை.

வண்டியிலிருந்து இறக்கி மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாடைக்கட்டு, மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு. வாசற்படியில் அம்மா குறுக்கே நின்றாள். கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு. தூக்கி வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

"இன்னாய்யா, சிரிச்சியா?" என்றாள் அம்மா.

அவள் நகரவில்லை. தூக்கியிருந்தவர்கள் கை மாற்றிப் பிடித்தார்கள்.

"சிரிச்சாரும்மா" என்றேன் நான்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, அவர் காலில் தண்ணீரை ஊற்றினாள். "உள்ள இட்டாங்க" என்று சொல்லி வழிவிட்டாள்.